மூணாவது ஸ்டேஜ் பள்ளம்

அண்ணன் அந்தப் புது கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு. பன்னிரண்டரைக்கு வருவதாகத்தான் சொல்லியிருந்தான். ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னால், பல் டாக்டரிடம் கதவு திறப்பதற்கு முன்னால் என்று எங்கேயும் முந்திக்கொண்டு போய் நிற்கிறவன் அவன். சின்ன வயதிலேயே வீட்டில் 'அவசரம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஐம்பதை நெருங்கியும் அது உதிரவில்லை.

"என் வீட்டு டிவில இதோட வயரைச் சொருக ஓட்டையே இல்ல. உன் வீட்டுல இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து விளையாடிக்கிறேன்," என்றான்.

தங்கைக்கு நாற்பத்து மூன்று வயது. இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறாள். கூரைக்குக் கீழே, தண்டவாளத்தில் போய்வரும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, குழாய்க் கட்டுகளையும் தகட்டுச் சுருள்களையும் தூக்கி லாரியில் இறக்குவது வேலை. பதினாறு வருடமாக உயரத்திலேயே இருப்பதால் கிடங்கில் அவளுக்கு 'மேலிடம்' என்று பெயர். "மேலிடத்து உத்தரவு வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் லாரிக்காரர்கள் வண்டியை எடுப்பார்கள்.

புதுப் பெட்டிக்குள் பழைய விளையாட்டுகளும் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. அண்ணன் பட்டியலை உருட்டிக்கொண்டே போனான். ஓரிடத்தில் நிறுத்தினான். முதுகில் மூட்டையோடு ஒரு குள்ளன் நின்றுகொண்டிருந்தான்.

"அடப்பாவி, மூட்டைக்காரன்," என்றாள் அவள்.

அந்த விளையாட்டின் உண்மையான பெயர் இருவருக்கும் தெரியாது. சின்ன வயதில் வீட்டில் இருந்த பழைய கேம் பெட்டியின் அட்டையில், அவர்களால் படிக்க முடியாத ஏதோ ஓர் எழுத்தில் போட்டிருந்தது. மூட்டையைச் சுமந்துகொண்டு வீட்டுக் கூரைகளின் மேல் நிற்காமல் ஓடுவான். நாம் செய்ய வேண்டியது சரியான நேரத்தில் அவனைக் குதிக்கவைப்பது மட்டும்தான். முதல் இரண்டு ஸ்டேஜ்களில் எப்படிக் குதித்தாலும் தப்பித்துவிடலாம். மூன்றாவதில் ஒரு பெரிய பள்ளம். அதன் நடுவே ஓர் இரும்புத் தட்டு போய்ப் போய் வரும். தட்டு இந்தப் பக்கம் வந்து தொடுகிற அந்த நொடியில் குதிக்க வேண்டும். தவறினால் மூட்டையும் ஆளும் பள்ளத்தில்.

சின்ன வயதில் அவள் அந்தப் பள்ளத்தை வாயில் எதையாவது மென்றுகொண்டே தாண்டுவாள். அண்ணன் ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை. தட்டு வருவதற்கு முன்னாலேயே குதித்துவிடுவான். வாழ்க்கை முழுக்க எப்படியோ அப்படித்தான் அதிலும்.

"நீயே ஆரம்பி. உன் ராஜ்ஜியம்தானே," என்று பட்டன் கட்டையை அவளிடம் நீட்டினான்.

முதல் இரண்டையும் சிரித்துக்கொண்டே முடித்தாள். மூன்றாவது வந்தது. தட்டு வந்தது, தொட்டது, அமுக்கினாள். மூட்டைக்காரன் குதிக்கவே இல்லை. சும்மா நடந்துபோவதுபோல் பள்ளத்தில் விழுந்தான்.

"பழக்கம் விட்டுப்போச்சு," என்றாள்.

மறுபடி. விழுந்தான். மறுபடியும். ஒன்பதாவது தடவை அவள் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"இங்க குடு," என்று அண்ணன் வாங்கினான். முதல் தடவை விழுந்தான். இரண்டாம் தடவை, தட்டு வருவதற்கு முன்னாலேயே, வழக்கம்போல் பறந்தடித்துக்கொண்டு அமுக்கினான். மூட்டைக்காரன் அழகாக எழும்பி, தட்டின் நட்டநடுவில் போய் நின்றான்.

அண்ணன் கையிலிருந்த கட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நான்தானே?" என்று கேட்டான்.

அன்று அவன் பள்ளத்தை ஆறு தடவை தாண்டினான். அவள் ஒரு தடவைகூடத் தாண்டவில்லை.

முதலில் அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் திங்கட்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றிய கையோடு டிவியைப் போட்டாள். ஐந்து மணிவரை விழுந்துகொண்டே இருந்தாள். செவ்வாய்க்கிழமையும் அதே கதை. தட்டு தொடுவது கண்ணுக்குத் தெரிகிறது, விரல் அமுக்குகிறது, நடுவே எங்கேயோ ஏதோ காணாமல் போகிறது. எங்கே போகிறது என்றுதான் புரியவில்லை.

அவள் கணவன் தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவன். பின்னறையில் இரண்டு மிஷின்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் அவன் முன் நின்றாள்.

"இதை மேல பிடிச்சுக்கிட்டு, சொல்லாம கொள்ளாம விடுங்க."

"எதுக்கு?"

"விடுங்கன்னா விடுங்க."

விட்டான். பிடித்தாள். இன்னொரு தடவை. பிடித்தாள். ஐந்தில் ஐந்தும் பிடித்தாள். அதற்கப்புறம் ஊசியில் நூல் கோத்தாள். ஒரே தடவையில் போயிற்று. குழப்பம் தீரவில்லை, கூடத்தான் செய்தது. கையில் கோளாறு இல்லை என்றால் மூட்டைக்காரன் ஏன் விழுகிறான்? கோளாறு இருக்கிறது என்றால் ஸ்கேல் எப்படி மாட்டுகிறது? இளைப்பு வந்து வந்து போவதுபோல இதுவும் வந்து வந்து போகிற வியாதியோ என்று நினைத்தாள். அந்த நினைப்புதான் அவளோடு கிரேன் ஏறியது.

கிரேனில் தூக்குவது பெரிய காரியம் இல்லை. நிறுத்துவதுதான் காரியம். கிரேன் நின்றாலும் கம்பியில் தொங்கும் சுமை நிற்காது, ஊஞ்சல்போல் முன்னே போகும். அது முன்னே போய் முடிகிற நொடியில் கிரேனையும் ஒரு தட்டுத் தட்டி அதன் தலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினால் ஆட்டம் அடங்கிவிடும். 'ஆட்டத்தைப் பிடிப்பது' என்பார்கள். ஒரு நொடி பிந்தினால் அடங்குகிற ஆட்டம் இரட்டிப்பாகும். பதினாறு வருடத்தில் அவள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. கை பார்த்துக்கொண்டது.

புதன்கிழமை காலை, நாலு டன் குழாய்க் கட்டு. கிரேனை நிறுத்தினாள். கட்டு முன்னே போனது. இப்போது தட்ட வேண்டும். 'இப்பவா? நான் பாக்குற இப்பவா, அதுக்கு முன்னாடி இப்பவா?' என்று ஒரு கேள்வி எங்கிருந்தோ வந்து குறுக்கே விழுந்தது. தட்டினாள். பிந்திவிட்டது. கட்டு திரும்பி வந்த வேகத்தில் லாரியின் பக்கவாட்டை இடிக்க ஒரு முழம் இருக்கும்வரை போய்த் திரும்பியது.

கீழே சைகை காட்டுகிறவர் இரண்டு கைகளையும் விரித்து உயர்த்தினார். நிறுத்து என்று அர்த்தம். முன்பு கொடி பிடித்துச் சைகை காட்டிய காலத்திலிருந்து அவருக்குக் 'கொடி' என்றே பெயர். அவரிடம் இதுவரை அந்தச் சைகையை அவள் வாங்கியதில்லை.

கட்டு அடங்கும்வரை காத்திருந்து, தரையில் இறக்கிவிட்டு, ஏணியில் இறங்கி நேராக மேற்பார்வையாளரிடம் போனாள்.

"சார், என் கை கொஞ்சம் லேட்டாகுதுன்னு நினைக்கிறேன். என்னை டாக்டர்கிட்ட அனுப்புங்க."

மேற்பார்வையாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தன் தப்பைத் தானே வந்து சொல்கிற ஆளை அவர் அடிக்கடி பார்த்ததில்லை போலும். "யாரும்மா உனக்கு அப்படிச் சொன்னது?" என்றார்.

"யாரும் சொல்லல. எனக்கே தெரியுது."

கிடங்கு டாக்டரம்மா கண்ணைப் பார்த்தார், முழங்காலைத் தட்டினார், மூக்கின் நுனியைத் தொடச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது.

"எந்த வேலை செய்யும்போது கை லேட்டாகுது?"

மூட்டைக்காரன் பள்ளத்தில் விழுகிறான் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

"வீட்டு வேலைதான்," என்றாள்.

"வீட்டு வேலைன்னா? காய் நறுக்கும்போதா?"

"அது மாதிரி."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. இருந்தாலும் நீங்களே சந்தேகப்படுறதால அடுத்த வாரம் புதன்கிழமை வரைக்கும் மேல ஏற வேண்டாம். தூங்கி எழுந்து நல்லா சாப்பிடுங்க," என்று எழுதிக் கொடுத்தார்.

தரை வேலை என்றால் குழாய்க் கட்டுகளில் அளவு எழுதிய சீட்டைக் கம்பியால் கட்டிவிடுவது. வியாழக்கிழமையிலிருந்து அவள் சீட்டும் கம்பியுமாகக் கீழே சுற்றினாள். மேலே இரண்டாம் ஷிப்ட் ஆள் ஓட்டினான். அவன் ஒவ்வொரு சுமையை நிறுத்தும்போதும் அவள் கட்டை விரல் தன்பாட்டுக்கு மடங்கியது. ஒவ்வொரு தடவையும் சரியான நேரத்தில்தான் மடங்கியது என்று அவளுக்குத் தோன்றியது. அதைத்தான் நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கொடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்னம்மா, மேலிடம் கீழ இறங்கி வந்துடுச்சு? விஷயம் என்ன?"

அவரிடம் சொல்லிவிட்டாள். மூட்டைக்காரன், பள்ளம், அண்ணன், ஸ்கேல், எல்லாம். அவர் டிபன் டப்பாவை மூடினார்.

"அப்போ அந்தப் பொம்மை விழுந்ததுக்கா நீ கிரேனை விட்டு இறங்கினே?"

"ஆமாண்ணே."

"எனக்குப் புரியல," என்றார்.

"எனக்கும்தான் புரியல."

"நான் பதினாறு வருஷமா உன் கைக்குக் கீழதான் நிக்கிறேன். ஒரு நாளாவது பின்னாடி நகர்ந்து நின்னிருக்கேனா?"

அது அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் 'இது இப்போது புதிதாக வந்த வியாதியாக இருந்தால்?' என்று மனசு அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பத்தேகாலுக்கே வந்துவிட்டான். அன்று அவன் பள்ளத்தைத் தாண்டினான்; மூன்றாவது ஸ்டேஜையே முடித்தான். நாலாவது திறந்தது. மணிக்கூண்டுகள் நிறைந்த ஊர். சின்ன வயதில் அவன் அதைத் தங்கையின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்திருக்கிறான். இப்போது அவன் கையால் திறந்தது. முகமெல்லாம் பல்லாக அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"வீட்டுல பழகிட்டு வர்றியா?" என்று கேட்டாள். குரலில் இருந்த காரம் அவளுக்கே கேட்டது.

"எங்க பழகுறது? என் டிவில ஓட்டையே இல்லன்னு சொன்னேன்ல."

"பின்ன எப்படி? உனக்கு வராதே இது."

"வராதுன்னு எங்க எழுதி வச்சிருக்கு? நாப்பது வருஷமா எனக்கு எது வரலன்னு நீங்கல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தீங்க. ஒண்ணே ஒண்ணு வந்திருக்கு. அது உனக்குக் கண்ணை உறுத்துதா?"

அவள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அண்ணன் சாப்பிடாமலே கிளம்பினான். அவன் ஒரு இடத்திலிருந்து சொன்ன நேரத்துக்கு முன்னால் கிளம்பியது அன்றுதான் முதல் முறையாக அவளுக்கு வலித்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் மறுபடி பெட்டியின் முன் உட்கார்ந்தாள். விளையாடவேண்டும் என்று இல்லை. விட மனசில்லை, அவ்வளவுதான். அன்று பின்னறையில் மிஷின் ஓடவில்லை. கணவன் ஒரு தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு, அது ஊறுவதற்காகச் சும்மா உட்கார்ந்திருந்தான். டிவி இருக்கிற பக்கம் அவன் முதுகு. திடீரென்று, "அது ஏன் லேட்டா கத்துது?" என்றான்.

"எது?"

"நீ அமுக்குறது டக்குனு கேக்குது. அப்புறம்தான் டிவில டொய்ங்குனு கேக்குது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு தையல் விடுபட்ட மாதிரி இருக்கே."

அவள் அமுக்கினாள். அவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. மறுபடி அமுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். ஒருவேளை இருக்குமோ. சரியாகச் சொல்ல முடியவில்லை.

"எனக்குத் தெரியல. உங்களுக்கு நிஜமாவே கேக்குதா?"

"நாள் முழுக்க ஊசிச் சத்தம் கேக்குற காதும்மா இது."

அவன் வந்து போனை எடுத்து, ஒரு மாவு டப்பாவின் மேல் சாய்த்து வைத்தான். அவள் விரலும் திரையும் இரண்டும் தெரிகிற மாதிரி வைத்து, மெதுவாக ஓட்டிப் பார்க்கும் விதத்தில் படம் எடுத்தான். பிறகு இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து அதைப் பார்த்தார்கள்.

தட்டு வந்து தொட்டது. அவள் விரல் அந்தக் கணமே அமுங்கியது. மூட்டைக்காரன் அதைக் கண்டுகொள்ளாமல் ஓடினான், ஓடினான், பள்ளத்துக்கு மேல் காலை வைத்தான். அதற்கப்புறம்தான் குதிக்கப் பார்த்தான்.

"இன்னொரு தடவை போடுங்க," என்றாள். நாலு தடவை பார்த்தாள். அவள் பார்த்தது மூட்டைக்காரனை அல்ல, தன் விரலை. அது சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்த ஒன்றின் மேல் ஒன்பது நாளாகப் பழி போட்டுவிட்டோமே என்று அதைத் தடவிக்கொண்டாள்.

டிவியோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்தது கணவன்தான். அதில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. புது டிவி வருகிற படத்தை அப்படியே காட்டாது. மெருகேற்றி, கோடுகளை நேராக்கி, பெரிதாக்கிவிட்டுத்தான் காட்டும். அதற்குள் ஒரு கணம் பிந்திவிடும்; சினிமா பார்க்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. விளையாடுகிறவர்கள் மட்டும் 'கேம் மோட்' என்று ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

போட்டார்கள். படம் கொஞ்சம் சொரசொரப்பானது. அவள் பள்ளத்துக்கு வந்தாள். தட்டு தொட்டது, அமுக்கினாள், மூட்டைக்காரன் தட்டில் நின்றான்.

புதன்கிழமை டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். "காய் நறுக்குறது எப்படி இருக்கு?" என்று கேட்டார். "இப்ப சரியா வருது," என்றாள். கூண்டில் ஏறி முதல் சுருளைத் தூக்கினாள். நிறுத்தும்போது அந்தப் பழைய கேள்வி எட்டிப் பார்க்கத்தான் செய்தது. அது வாயைத் திறப்பதற்குள் கை தட்டிவிட்டது. கீழே கொடி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

ஆனால் அண்ணனிடம் என்ன சொல்வது? புதனும் வியாழனும் அதே யோசனை. சொன்னால் அவனுக்கு வந்த ஒன்றும் போய்விடும். சொல்லாவிட்டால் ஒவ்வொரு ஞாயிறும் அவள் பொய்யாக விழுந்துகொண்டிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை போன் பண்ணி, "ஞாயித்துக்கிழமை வா, ஒரு விஷயம் இருக்கு," என்றாள். அவன் கோபமெல்லாம் மறந்து, "இப்பவே சொல்லேன்," என்றான்.

வந்ததும் சொன்னாள். போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். கேம் மோடைப் போட்டுக் கையில் கொடுத்தாள். அவன் பதினோரு தடவை தொடர்ந்து விழுந்தான்.

பட்டன் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ போன வாரம் நான் தாண்டினது?"

"டிவி லேட்டு. நீ முந்தி. ரெண்டும் சரியாப் போச்சு."

"சின்ன வயசுல நான் விழுந்தது?"

"அது நீ விழுந்ததுதான்."

அவள் கணவன் பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன மச்சான், சத்தத்தையே காணோம்?" என்றான்.

"இல்ல மாப்பிள்ளை, ஒண்ணு யோசிக்கிறேன். அந்தக் காலத்து டிவிதான் அவசரப்பட்டுக் காட்டிடுச்சோ என்னவோ. இந்த டிவி நிதானமா, பாத்து, சரியாக் காட்டுது. எது ஒழுங்கான டிவின்னு யார் சொல்றது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. யோசிக்க யோசிக்க அவன் சொல்வதிலும் ஏதோ இருப்பதுபோல் பட்டது, அப்புறம் இல்லாததுபோலும் பட்டது.

"அந்த மோடை எடுத்துடு," என்றான் அண்ணன்.

"எடுத்தா நான் விளையாட முடியாது."

"உன் முறை வரும்போது போட்டுக்கோ. என் முறை வரும்போது எடுத்துடு. யாருக்கு என்ன நஷ்டம்?"

எடுத்தாள். அவன் பள்ளத்தைத் தாண்டினான். மணிக்கூண்டுகளைத் தாண்டினான், இரண்டு இடத்தில் விழுந்தான், மறுபடி தாண்டினான். பழைய பெட்டி நாலாவது முடிவதற்குள் எப்போதும் சூடாகி நின்றுவிடும்; அப்பா ஈரத்துணியால் துடைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார். அதனால் அதற்கப்புறம் என்ன இருக்கிறதென்று இருவருமே கண்டதில்லை. இப்போது கடைசி மணிக்கூண்டின் உச்சியிலிருந்து மூட்டைக்காரன் இறங்கினான். திரை கறுத்து, வெளுத்தது.

தண்ணீர். கண்ணுக்கெட்டியவரை தண்ணீர். கூரைகள் இல்லை, தட்டு இல்லை. மூட்டைக்காரன் கரையில் நின்றான். இத்தனை நேரம் நிற்காமல் ஓடியவன் இப்போது அசையாமல் நின்றான்.

அண்ணன் ஒரு பட்டனை அமுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்றை அமுக்கினான். மூட்டைக்காரன் மூட்டையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"இப்ப என்ன பண்ணணும்?" என்று அண்ணன் கேட்டான்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் தங்கை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். "அவசரப்படாத. கொஞ்சம் பொறு, பாப்போம்."

அவன் அதற்குள் மூன்றாவது பட்டனை அமுக்கியிருந்தான்.